யூரியா சாக்கும் நீல ஜாக்கெட்டும்

நனைந்த யூரியா சாக்கின் நெடி மூக்கில் ஏறினால் கண் கரிக்கும்; ஐப்பசி பிறந்துவிட்டால், கறம்பக்குடிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அந்த நெடிக்குள்தான் நான் நடந்தேன். சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்தால் தலையையும் முதுகையும் மூடுகிற "கொங்காணி" ஆகிவிடும். வயலில் நாற்று நடுகிற எல்லோரும் அதைத்தான் போட்டார்கள் என்பதால், அதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, பெரியப்பா மகன் செந்தில் துபாயிலிருந்து வந்த நீல மழைக்கோட்டோடு பின்னால் வரும்வரை.

"அந்தா பாருங்கடா, யூரியா வருது!" என்றான்.

அன்று ஒட்டிய பெயர் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகும் உரியவில்லை. அழுதுகொண்டு போய்ச் சொன்னால், "வெளாட்டுக்குச் சொல்றான், விடு" என்பாள் அம்மா. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார் அப்பா. எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம். அவன் ஒருநாள் தொப்பலாக நனைய வேண்டும், அவ்வளவுதான். என் கல்யாணப் பந்தியில் என் கணவரின் தோளில் கைபோட்டு, "மாப்ள, எங்க யூரியாவ நல்லாப் பாத்துக்கங்க" என்று அவன் சொல்ல, எல்லோரும் சிரித்தபோது நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தேன்.

போன ஐப்பசியில் போன் செய்தான். "என்ன யூரியா, ஆபீஸ் பயலுகளோட மூணாறு போறேன். நீதான் மலை மலையா ஏறுறவளாச்சே, மழைக்கு நல்ல ஜாக்கெட்டா ஒண்ணு எடுத்து வையி."

"எடுத்துட்டாப் போச்சுண்ணே" என்றேன்.

மழை ஜாக்கெட் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்க்க வேண்டும். துணி எவ்வளவு உசத்தியானாலும் ஊசி போன ஓட்டை வழியே தண்ணீர் இறங்கிவிடும், தையல்மேல் டேப் ஒட்டியிருந்தால் மட்டுமே நிற்கும். இதை எனக்கு எந்தக் கடைக்காரரும் சொல்லித்தரவில்லை. கொங்காணியில் சாக்கின் அடித்தையல் உச்சந்தலைக்கு வரும், முதல் சொட்டு அதன் வழியாகத்தான் என் மண்டையில் விழும். திருச்சிக் கடையில் எனக்கு டேப் ஒட்டியதை எடுத்துக்கொண்டேன். அவனுக்குப் பளபளவென்று, அதே நீலத்தில், டேப்பே இல்லாத ஒன்றைத் தேடித் தேடி எடுத்தேன். அந்தத் தேடலில் இருந்த சந்தோஷம் எனக்கு எந்த மலை உச்சியிலும் கிடைத்ததில்லை.

மூணாறிலிருந்து பல் தந்தியடிக்கப் பேசினான். "ஏ புள்ள, என்னத்த எடுத்துக் குடுத்த? பனியன் வரைக்கும் ஊறிப்போச்சு. இந்தப் பயலுக என்னைய 'சல்லடை'ன்னு கூப்புடுறானுக. வாட்ஸ்அப்புல ஆபீஸ் பூரா பரவிருச்சு."

"வெளாட்டுக்குச் சொல்றாங்க, விடுண்ணே" என்றேன்.

இப்போது எங்கள் ஊர்ச் சாலையில் கொங்காணி போட்ட பிள்ளைகளைக் காணோம். பள்ளிக்கூட வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது. செந்திலும் என்னைத் தமிழ்ச்செல்வி என்று முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறானாம். பந்தியில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்த பிறகு, சாம்பார் வாளியோடு நான் அவன் இலைக்கு முன்னால் போய் நிற்பேன். "சல்லடை அண்ணே, ஊத்தவா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்பேன்.