அவன் விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு அது. கொட்டாஞ்சேனைக் கோயிலில் காலைப் பூசை முடிந்து சனங்கள் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறி வந்து சலூனுக்குள் நுழைந்தேன். என் நண்பன் சுவரோரத்து வாங்குப் பலகையில் வழக்கமான இடத்தில் இருந்தான். நான் உட்காரும் முன்பே சொன்னான்:

“ஐசே, உன்ட ஆள்தான் திறமான ஆள். நான் ஒத்துக்கொள்றன்.”

ஒருவரின் கன்னத்தில் கத்தி வைத்திருந்த சலூன்காரர் கையை எடுத்துவிட்டார். “என்னது?” என்று சவர்க்கார நுரைக்குள்ளிருந்து அந்த முகமும் கேட்டது.

எங்கள் வாதம் எண்பத்துமூன்று கலவரத்துக்கு முந்திய சீசன்களில் கொழும்பில் உதைபந்து ஆடிய இரண்டு ஸ்ட்ரைக்கர்களைப் பற்றியது. அவனுடைய ஆள் இடதுகால்காரர். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர், கட்டையானவர், பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு தடுக்க வருபவர்களுக்கு நடுவால் நழுவிப் போவார். என்னுடைய ஆள் நெட்டையர், கிராண்ட்பாஸ்காரர். ஓட்டம் குறைவு. ஆனால் மூலையிலிருந்து வரும் பந்துக்கு அவர் எழும்பிவிட்டால் மற்றவர்கள் நிலத்திலேயே நிற்பார்கள். அந்த ஆட்டங்களுக்கு வீடியோ கிடையாது. நான் பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்துத் திகதிகளோடு வருவேன். அவன் கண்ணால் கண்டதோடு வருவான். “கலண்டர் வந்துட்டுது, இனி எங்களுக்கு வகுப்பு” என்று என்னை வரவேற்பான். “கோலை நான் பாத்தன். நீ பேப்பரைப் பாத்தாய்” என்று வாயை அடைப்பான்.

அந்த வாதத்துக்கு ஒரே ஒரு எல்லை இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிராக ஆடிய ஓர் இறுதியாட்டத்தில், இடதுகால்காரர் கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்டியைக் கம்பத்துக்கு மேலால் அடித்துவிட்டார். ஆட்டம் என் ஆளின் பக்கம் போனது. அவர் காசு வாங்கிக்கொண்டுதான் அப்படி அடித்தார் என்று அன்று மாலையே ஒரு கதை கிளம்பியது. அந்தக் கதையைச் சலூனில் யாரும் சொல்வதில்லை. எவ்வளவு கோபம் வந்தாலும் சொல்வதில்லை. நண்பன் அந்தக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவன்.

அப்படிப்பட்டவன் ஒத்துக்கொள்கிறேன் என்கிறான். நான் முதலில் சிரித்தேன். “எந்த மட்ச்சைப் பாத்து மனம் மாறினாய்? சொல்லு, திகதி வேணும்” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “வியாழக்கிழமை ஒப்பரேஷன் தெரியும்தானே. நேத்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனன். ஃபாதர் சொன்னார், கத்தி வைக்க முந்தி ஆரோடயும் மனஸ்தாபம் வச்சிருக்காத எண்டு. மட்டக்குளிக்குப் போய் தம்பியோட கதைச்சிட்டன். மதில் பிரச்சினை முடிஞ்சுது. பக்கத்து வீட்டு மனிசியிட்டயும் சொல்லிட்டன். நீதான் மிச்சம்.”

இருதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்திருந்தன. பைபாஸ் என்று மாசிமாதமே முடிவாகியிருந்தது. அதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. கதைக்க எங்களுக்கு அந்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

சலூன்காரர் “சரி, இனி என்னத்தைக் கதைக்கிறது?” என்று கேட்டார்.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்குப் பயம் பிடித்தது. திகதிகளைச் சேர்த்து வைப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தனித்தனியாக நடந்தவற்றை அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். எங்கள் சலூன் கூட்டத்தில் இரண்டு பேர் ஏற்கனவே போய்விட்டார்கள். தபால் கந்தோரில் வேலை செய்தவர், உலகக்கிண்ணக் கொடி கட்டிய தகராறில் ஒரு வருடமாகச் சலூன்காரரோடு முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை வந்து கைகுலுக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அவர் இல்லை. பாமன்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தவர், யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்த ரேடியோவைத் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்தார். அதே மாதத்தில் அவரும் போனார். கணக்குத் தீர்த்தவன் போய்விடுவான் என்பது ஒரு விதியல்ல என்று எனக்குத் தெரியும். இரண்டு சம்பவங்களை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பம்பலப்பிட்டி கடந்து கடல் தெரிந்தபோதும் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவன் மனைவி போன் எடுத்தார். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம்.

“அலுமாரித் திறப்பு எங்க தொங்குது, லைட் பில் எங்க எண்டு எல்லாம் சொல்லித் தந்துட்டுப் போனவர் அண்ணா. முந்தி ஊசி எண்டாலே சத்தம் போடுற மனுசன். இப்ப பயமே இல்லாமக் கிடக்கிறார். எனக்கு அதுதான் ஏலாமக் கிடக்கு.”

“நான் நாளைக்குப் போறன் தங்கச்சி” என்றேன்.

புதன்கிழமை மாலை பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். வார்ட்டில் கடைசிக்கு முந்திய கட்டில். நெஞ்சில் மூன்று வயர்கள், தலைமாட்டில் ஒரு சிறிய திரை. ஃபாதர் வந்து நோயிற்பூசுதலும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவன் நெற்றி எண்ணெயில் மினுங்கியது. கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தான். எனக்கு அந்த முகத்தைப் பிடிக்கவில்லை.

“நான் யோசிச்சுப் பாத்தன்” என்று தொடங்கினேன். “உன்ட ஆள்தான் திறம். நெட்டையருக்குக் கால் எங்க இருந்தது? தலை மட்டும்தான்.”

“விடு ஐசே. நீ சொன்னது சரி. கோல் கணக்கு அவருக்குத்தான் கூட.”

“கணக்கில என்ன கிடக்கு? நீ கண்ணால கண்டவன்.”

“கண்ட எனக்கும் வயசு போச்சு” என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். “சந்தோசமாப் போ. பஸ் நிரம்பிடும்.”

சந்தோசமாகப் போ என்று அவன் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தொலைந்து போ என்பான். மூளையைக் கழற்றி வெயிலில் காயவிட்டு வா என்பான். இந்த ஆள் நாளைக்கு உள்ளே போய் ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் வழுகிப் போய்விடுவான் என்று தோன்றியது. டொக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் என்ன பயன்?

அப்போது அதைச் சொன்னேன்.

“எண்டாலும் அந்த பெனால்டி. ஊர் சொன்னது சரிதான் போல. உன்ட ஆள் வாங்கிப்போட்டுத்தான் மேலால அடிச்சவர்.”

அவன் கண் திறந்தது. பிறகு கட்டிலின் இரும்பைப் பிடித்து எழும்பினான்.

“என்ன சொன்ன நீ?”

“வாங்கினவர் எண்டு சொன்னன்.”

“டேய்! நீ அங்க நிண்டியா? வெள்ளவத்தையில சாம்பார் சாப்பிட்டுக்கொண்டு இருந்த நாய் நீ! அந்த மனுசன் முழங்கால் வீங்கி, துணி சுத்திக்கொண்டு அடிச்ச அடி அது! அழுதுகொண்டு போனதை நான் பாத்தன்டா! உன்ட நெட்டையன், கம்பத்தைப் போல நிண்டு, பந்து தலையில பட்டதுக்குக் கோல் எண்டு கை தூக்கினவன்...”

திரையில் கோடுகள் நெருங்கின. அது கூவத் தொடங்கியது. அவன் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. தாதி மிஸ்ஸி ஓடிவந்தாள். ஒரு கையால் அவனைச் சாய்த்துக்கொண்டே மற்றக் கையால் எனக்குக் கதவைக் காட்டினாள். “மஹத்தயா, எலியட்ட யன்ன! தென்ம யன்ன!” என்று சிங்களத்தில் என்னை வெளியே விரட்டினாள். இன்னொருத்தி திரைச்சீலையை இழுத்தாள். சீலைக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது: “அவன உள்ள விடாதீங்க! இனி அவன் முகத்தில முழிக்க மாட்டன்!”

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். என் கிழட்டு மூடநம்பிக்கைக்காக, இருதயம் அடைத்துக் கிடக்கும் மனிதனைச் சொல்லால் அடித்தேன் என்று அப்போதுதான் முழுவதும் புரிந்தது. கூவல் நின்றுவிட்டது. அது நல்லதற்கு நின்றதா என்று தெரியவில்லை. மேலே போய்க் கேட்கவும் துணிவில்லை. சத்தம் கேட்டு வார்ட்டுக்கு ஓடிப்போன அவன் மனைவி இறங்கி வந்து, “ஊசி போட்டிருக்காங்க, படுத்திட்டார்” என்று சொல்லும்வரை நான் அந்தப் படியைவிட்டு எழும்பவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. நான் படியிறங்கிப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகும் தாழ்வாரத்தில் சுவரோடு ஒட்டி நின்றேன். தள்ளுகட்டிலில் அவனைக் கொண்டுவந்தார்கள். பச்சைத் துணி, தலையில் தொப்பி. என்னைக் கண்டான். நன்றாகவே கண்டான். கண்டுவிட்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். கதவு மூடியது.

நான் வேண்டியது அதுதான். அவன் என்னோடு சமாதானமில்லாமல் உள்ளே போனான். ஆனால் அந்தத் திரும்பிய முகத்தை மட்டும் எனக்கு மிச்சம் வைத்துவிட்டு அவன் போய்விட்டால்? அந்தக் காலை முழுவதும் நான் பயந்தது அதற்கு. அவன் மனைவி செபமாலை உருட்டினார். எனக்கு உருட்ட ஒன்றுமில்லை. இடதுகால்காரரின் கோல்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். திகதிகள் ஒன்றும் வரவில்லை.

மதியம் தாண்டி டொக்டர் வந்தார். செய்யவேண்டியதைச் செய்தாயிற்று, கண் விழிக்கட்டும், அதற்கு அடுத்த சில நாட்கள்தான் முக்கியம் என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவரை மட்டும் விட்டார்கள். மனைவி போனார். நான் வெளியே கதவுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி வந்தபோது அழுதிருந்தார். எந்த அழுகை என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

“கண் முழிச்சிட்டார் அண்ணா. வாயில குழாய், கதைக்க ஏலாது. நீங்க வெளியில நிக்கிறீங்க, கூட்டி வரட்டா எண்டு கேட்டன்.” அவர் தயங்கினார். “குறை நினைக்காதீங்க. கையை இப்படி ஆட்டினார். வேணாமாம். ரெண்டாந்தரம் கேக்க, இன்னும் பலமா ஆட்டினார். மிஸ்ஸி கையைப் பிடிச்சு வச்சிட்டா.”

“பலமாவா?” என்றேன்.

“ஓம் அண்ணா. வயர் கழலுற அளவுக்கு.”

பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது. நான் மெதுவாக அதில் உட்கார்ந்தேன். அடுத்த சில நாட்கள்தான் முக்கியம் என்று டொக்டர் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. பயம் போகவில்லை. எழும்பிப் போகவும் மனம் வரவில்லை.

“போய்ச் சொல்லுங்கோ தங்கச்சி,” என்றேன், “நான் இங்கதான் இருக்கிறன், சொன்னதை வாபஸ் வாங்கேல்லை எண்டு.”