டிரம் பலகைக் கட்டில்

ஆம்பூரில் கவுஸ் பாஷாவின் வாயில் விழாத மரம் கிடையாது. வேம்பு முறுக்கிக்கொள்ளும், மாமரம் பூச்சிக்கென்றே பிறந்தது, ரப்பர் மரம் மரமே இல்லை. பிளைவுட் என்று யாராவது ஆரம்பித்தால் ஓரமாகத் துப்பிவிட்டு வந்துதான் பேச்சைத் தொடர்வார். நல்ல தச்சர், அதனால் இந்த இளக்காரத்தையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது.

ஒரே மகள் இரமுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஒவைஸின் அம்மா முனவ்வர் பேகம் பேரணாம்பட்டிலிருந்து போன் செய்து, ஷோரூமில் கட்டில் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். பாஷாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"தச்சன் பொண்ணு அட்டைப்பெட்டில படுக்கறதா? ஊரு சிரிக்காது?"

மகளுக்குத் தன் கையால் ஒரு கட்டில். கொடுப்பதற்கு அவரிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான். எவனோ பசை போட்டு ஒட்டியதற்கு அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

மூடிப்போன ஒரு தோல் ஆலையில், தோலை ஊறப்போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்மைப் பிரித்து விற்றார்கள். "இத்தினி வருஷம் தண்ணில கெடந்தும் உளுத்துப் போகல. இதான்டா மரம்" என்று பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தோல் ஆலை இல்லாத வேறு ஊர்த் தச்சனுக்கு இந்த ஆசை வந்திருக்காது.

மரம் தன் குணத்தைக் காட்டியது. இழைப்புளி மழுங்கியது. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கப் பலகை பிசுபிசுவென்று எண்ணெய் கக்கியது. வார்னிஷ் லேசில் காயவில்லை. காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தார், மறுபடி பூத்தது. வார்னிஷ் கம்பெனிக்காரன் திருடன், கடைக்காரன் முட்டாள், மழை சனியன் என்று எல்லோருக்கும் அர்ச்சனை நடந்தது. தான் தேர்ந்தெடுத்த மரத்தை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒரு மாதிரி வாசனை வருது அத்தா" என்றாள் இரம் அப்பாவிடம்.

"வார்னிஷ்னா வாசனை வராம? போ, வேலையைப் பாரு."

ஒருவழியாகப் பளபளப்பு ஏறியது. சம்பந்தியம்மா பார்க்க வந்த அன்று காலையிலிருந்தே தூறல். முனவ்வர் பேகம் கட்டிலில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். புடவை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது.

"ஷோரூம்ல கெடைக்குமா இந்த மாதிரி?" என்றார் பாஷா, அதைக் கவனிக்காதவர்போல.

முனவ்வர் பேகம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். குரல் உயரவில்லை.

"பாய், ஒவைஸோட அத்தா மவுத்தாகிக் கண்ண மூடற வரைக்கும் தோல் ஷாப்புலேர்ந்து இந்த நாத்தத்தோடதான் வூட்டுக்கு வருவாரு. எத்தினி சோப்பு போட்டாலும் போகாது. பக்கத்துல படுத்தவளுக்குத்தான் தெரியும். இந்தப் புள்ளைங்களாவது அது இல்லாம தூங்கட்டுமே."

ஊரையே வாயால் இழைத்துத் தள்ளுகிறவருக்கு அவமானமாக இருந்தது. மகளாவது தன் பக்கம் பேசுவாள் என்று திரும்பிப் பார்த்தார்.

இரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பகல் பூரா ஷூ கம்பெனில தோலோடதான இருக்கேன் அத்தா. தூங்கறப்பவாவது வேணாம்த்தா."