நான் அழித்த வரிகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தலைக்கனம் அதைவிடச் சீக்கிரம் வரும். ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லொறியை நானே தேடிப் பிடித்தது அந்தத் தலைக்கனத்தில்தான்.

பதுளையில் எனக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை. அந்த லொறியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றும், யூரியா கரைசலைத் தெளித்து நச்சு வாயுவை மாற்றும் பாகம் ஒன்றும் இருந்தன. அவை எப்போது எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைக் கணினிக்குப் பழக்க வேண்டும். பிறகு அதுவே புகையின் அளவை முன்கூட்டிச் சொல்லும். எந்த வண்டியில் அளக்கலாம் என்று ஆராய்ச்சியை நடத்தும் சேர் கேட்டபோது, "எங்க தோட்டத்து லொறி இருக்குங்க சேர்" என்று முந்திக்கொண்டேன். லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் லொறிக்கு அடியில் படுத்து வயர் பூட்டுவதை எல்லாரும் பார்க்கட்டும் என்று ஆசை. அதை மறைப்பானேன்.

குழாயில் பூட்டிய அளக்கும் கருவியிலிருந்து சில மாத எண்கள் சேர்ந்தன. முதல் வேலை, குப்பையை நீக்குவது. சில வரிகளில் வாயுவின் அளவே இருக்காது, 'கருவி தயாரில்லை' என்று மட்டும் பதிவாகியிருக்கும். குழாய் ஆறிப்போனால் கருவி அளக்காது. வெற்று வரிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரே கட்டளையில் அத்தனையையும் அழித்தேன். அதன் பிறகு கணினியின் கணிப்பு உண்மை அளவோடு அச்சாகப் பொருந்தியது. சேர் கைகொடுத்தார். முன்பே ஒத்துக்கொண்டபடி அறிக்கையின் பிரதி ஒன்று தோட்டத்து ஆபீசுக்கும் போனது.

கருவிகளைக் கழற்ற ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் சாக்குகளோடு வரிசையாக நின்றிருந்தார்கள். லொறி அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உறுமியது. மூடுபனியில் புகை மேலே போகாமல் அங்கேயே சுற்றியது. வரிசை நடுவில் என் அக்கா, முந்தானையால் வாயைப் பொத்தியபடி இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூச்சிழுப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாமா, இஞ்சின நிப்பாட்டுங்க. ஆளுக நிக்கிறது தெரியலையா?" என்று டிரைவரிடம் கத்தினேன். அவர் பக்கத்து லயத்துக்காரர். என்னைத் தூக்கி வளர்த்தவர்.

"நிப்பாட்டுனா இந்த மேட்டுல திரும்ப ஸ்டார்ட் ஆகாது புள்ள. பெட்டரி செத்துப்போச்சு. நீயா தள்ளுவ?" என்றார்.

அக்காவிடம் திரும்பினேன். "இதுக்கு வாயத் தொறக்க மாட்டீங்களா? ஆபீஸ்ல போய்ச் சொல்றதுக்கு என்னா?"

"சொன்னோமே. லொறிய அங்கிட்டு தள்ளி நிப்பாட்டச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம். ஒன் ரிப்போர்ட்டத்தான் எடுத்துக் காட்டுனாங்க. பொக சுத்தமா இருக்குன்னு அதுல எழுதியிருக்காமே. நீ அளந்து பாத்துச் சொன்ன பொறகு நாங்க என்னத்தப் பேசுறது?"

அவள் குத்திக்காட்டவில்லை. பெருமையாகவே சொன்னாள். இந்த நேரத்துப் புகை என் எண்களில் இருந்ததா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. மணியைப் பார்த்தேன். பத்தாகப் பத்து நிமிஷம்.

பதுளைக்குத் திரும்பியதும் பழைய பதிவை, ஒரு வரி கூட அழிக்காததை, திறந்தேன். 'தயாரில்லை' என்ற வரிகள் கண்ட நேரத்தில் சிதறிக் கிடக்கவில்லை. காலையில் பத்து மணியை ஒட்டி ஒரு கொத்து, மத்தியானம் ஒரு கொத்து, பின்னேரம் ஒரு கொத்து. மூன்றும் கொழுந்து நிறுக்கும் நேரம். நின்ற இடத்தில் இஞ்சின் மெல்ல ஓடும்போது குழாய் ஆறிவிடும், யூரியா தெளிக்காது, நச்சு வாயு மாறாமல் வெளியே வரும். அளக்கும் கருவியும் அந்நேரம் உறங்கிவிடும். ஆளில்லாத மேட்டில் லொறி ஏறும் நேரத்தை மட்டும் கணினிக்குப் பழக்கிவிட்டு, அக்கா மூச்சு விடும் நேரத்தைக் குப்பை என்று தள்ளியிருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சேரிடம் சொன்னேன். "அது எல்லாரும் செய்றதுதானே. அளவு இல்லாத எடத்துல எதைப் பழக்குவீங்க? அடிக்குறிப்புல ஒரு வரி போடுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நானும் அந்த நாள் காலைவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். அக்கா சுடுதண்ணீரில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க மடுவத்துல நிக்கிற நேரத்த நான் அழிச்சிட்டேன்க்கா. ரிப்போர்ட் தப்பு" என்றேன்.

துண்டை விலக்கி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் நீர் வழிந்தது. "எந் தங்கச்சி படிச்சவ, தப்பா எழுத மாட்டான்னு நாந்தான் மத்தவங்க வாய அடைச்சேன்" என்றாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லி என்னா? ஆபீஸ்ல போய்ச் சொல்லு."

மறுநாளே போய் எழுதிக் கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்தினார்கள். பார்க்கலாம் என்றார்கள். மழைக்காலம் ஒன்று போய்விட்டது, இன்னும் பார்க்கிறார்கள். அடிக்குறிப்பு போதாது என்று நான் பிடிவாதம் பிடித்ததில் சேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது கிடக்கட்டும். தினமும் பத்து மணி ஆகப்போகும்போது மேசையில் கை ஓடுவதில்லை. அக்கா அந்நேரம் லொறிக்குப் பின்னால் நிற்கிறாள்.