மொட்டைமாடிக்கு வந்த ஆம்பளை அடுப்பு

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் சமையலறைக்குள் வந்ததெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான். குடித்த டம்ளரைக்கூட மேடையிலேயே வைத்துவிட்டுப் போகிறவர். அவர் ஷூ கம்பெனி வேலையாக ஜெர்மனி போய் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், “இனிமே லீவு நாள்ல நான்தான் சமையல்” என்றார். எனக்குக் காபி புரையேறியது.

“உள்ள இல்ல,” என்று உடனே தெளிவுபடுத்தினார். “மாடில. பார்பெக்யூ.”

ஜெர்மனியில் இவர் கம்பெனியிடம் ஷூ வாங்கும் ஒருவர் இவரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். தோட்டத்தில் ஒரு மூடி போட்ட அடுப்பை உருட்டி வந்து, தானே நின்று இறைச்சி சுட்டுக் கொடுத்தாராம். அந்த ஏப்ரன், அந்த நீள இடுக்கி, மூடியின் மேலிருந்த சூடு காட்டும் மீட்டர் என்று இவர் ஊருக்கெல்லாம் வர்ணித்தார். அந்த வீட்டு அம்மா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் ஒருநாள் கேட்டேன். யோசித்துப் பார்த்து, “சும்மா உக்காந்திருந்தாங்க” என்றார். அதற்குமேல் அதில் அவருக்குச் சுவாரசியம் இல்லை.

அடுத்து ஆராய்ச்சி தொடங்கியது. கரியா, கேஸா, கரண்ட்டா? ஆபீஸ் விட்டு வந்ததும் போனில் வீடியோ பார்ப்பார். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய இறைச்சித் துண்டுகளைத் தட்டிக் கொடுத்துப் பேசுவார்கள். கேஸில் சுட்டால் புகை வாசனை ஏறாது என்பார். கரியிலும் மாமரக் கரிக்கு ஒரு வாசனை, புளியமரக் கரிக்கு ஒரு வாசனை என்பார். ராணிப்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். தோல் பதனிடுகிற ஷாப்புப் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்துவோம். அந்த மாடியில் நின்றுகொண்டுதான் இவர் வாசனையின் நுட்பங்களைப் பேசினார்.

அந்தச் சமயம் என் மிக்ஸி ஜார் ஒழுக ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அதற்கு ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. அடியில் துணி போட்டு அரைக்கச் சொன்னார்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஃபேக்டரியில் யாரோ, காலி இரும்பு டிரம் ஒன்றை நெடுக்காக வெட்டி, கால் வைத்து வெல்டிங் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். இவரும் ஆசையோடு வந்து சொன்னார். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன். தோலுக்கு மினுமினுப்பு ஏற்றுகிற ஏதோ கெமிக்கலாம். “கழுவிட்டாங்களாம்” என்றார். நான் வேலை பார்ப்பது அந்த மாதிரி கெமிக்கல் விற்கிற கம்பெனியில், கணக்குப் பிரிவில். தீக்குச்சிகூடத் தேவைப்படாது, தானாகவே பற்றிக்கொள்ளும் என்று சொன்னேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இவரோடு படித்த தோஸ்த் ஒருத்தர் மேல்விஷாரத்தில் இருக்கிறார். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சீக் கபாப் சுடுகிற நீள இரும்பு அடுப்பு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவர் ஊரில் சாயங்காலமானால் தெருவுக்குத் தெரு அதில்தான் சுடுகிறார்கள், ஊரே சாப்பிடுகிறது. “அது கடைல வெக்கறது பாய்” என்றார் இவர். பாய் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

கடைசியில் வேலூரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற பையன் அடுப்புகளைப் பற்றி இவரிடம் மட்டும் பேசினான். நான் சாம்பலை எப்படி எடுப்பது என்று கேட்டால் இவரைப் பார்த்துப் பதில் சொன்னான். கம்பித்தட்டை எப்படிக் கழுவுவது என்று கேட்டேன். “அதெல்லாம் மேடம் பாத்துப்பாங்க சார்” என்று இவரிடம் சொன்னான். மேடம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஜெர்மனியில் பார்த்தது போலவே சக்கரம், மூடி, மீட்டர் எல்லாம் உள்ள கறுப்பு அடுப்பு ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது.

முதல் விருந்துக்குத் திமிரியிலிருந்து இவருடைய அக்காவும் அவர் கணவரும் வந்தார்கள். அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பாயும் அவர் மனைவியும் வந்தார்கள். முந்தின நாளே நான் கறி வாங்கிக் கழுவி, இஞ்சி பூண்டு அரைத்து, தயிரில் ஊறவைத்தேன். புதினா சட்னி, வெங்காயம், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். எதற்கும் இருக்கட்டும் என்று இவர் சொன்னதால் ஒரு குண்டான் பிரியாணியும். இவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு துண்டுகளைத் திருப்பிப் போட்டார். எல்லோரும் கைதட்டாத குறை.

“குடுத்து வெச்சவ நீ” என்றார் அண்ணி. “எங்க வீட்டுக்காரர் தண்ணிகூட மொண்டு குடிக்க மாட்டார்.”

மறுநாள் வேலைக்குக் கிளம்புமுன் கம்பித்தட்டில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது குடுத்து வெச்சவள்தான். அடுத்த விருந்திலும் இதே கதை. அதற்கடுத்த தடவை, என்னைக் கேட்காமலே அதே ஆட்களைக் கூப்பிட்டார். போனில் பாயிடம் பேசுவது என் காதில் விழுந்தது. “எல்லாம் நானே பண்றேன் பாய். வீட்ல அவளுக்கு அன்னிக்கு ஃபுல் ரெஸ்ட்.”

சரி, ரெஸ்ட் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு அன்று தலைக்குக் குளித்துவிட்டு, மாடிக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போய் நிழலில் போட்டு உட்கார்ந்தேன். இவர் கரியை அடுக்கிப் பற்ற வைத்தார். விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். கரி நன்றாகச் சிவந்து, மேலே சாம்பல் பூத்தது. மீட்டர் முள் ஏறியது. ஏப்ரனோடு திரும்பி, “கரி ரெடி. கறியக் கொண்டா” என்றார்.

“இன்னா கறி?”

“ஊற வெச்ச கறிம்மா.”

“நான் எதுவும் ஊற வெக்கலயே. எல்லாம் நீங்கதான்னு சொன்னீங்க.”

அவர் கையில் இடுக்கி அப்படியே நின்றது. பாய் வானத்தைப் பார்த்தார். அவர் மனைவி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அண்ணி சமையலறைக்குப் போக எழுந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நானும் எழுந்திருக்கவில்லை.

இவர் ஏப்ரனைக் கழற்றாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கறிக்கடையிலிருந்து போன் வந்தது, எலும்போடவா எலும்பில்லாமலா என்று. திரும்பி வந்த பிறகு சமையலறையிலிருந்து ஒவ்வொரு குரலாக மேலே வந்தது. இஞ்சி எங்கே, மிளகாய்த்தூள் எது, ஏன் மிக்ஸி ஒழுகுகிறது. கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் எழுந்து போய் மாடிப்படியில் நின்று பதில் சொன்னேன்.

அதற்குள் கரி சாம்பலாகிவிட்டது. மறுபடி பற்ற வைத்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. கறி வெளியே கருகி உள்ளே வேகாமல் இருந்தது. பாய் வேகாத துண்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்து மறுபடி நெருப்பில் வைத்தார்.

கிளம்புமுன் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னா இருந்தாலும் நாலு பேர் எதிர்ல ஆம்பளைய இப்படிப் பண்ணலாமா?”

“நாலு பேர் எதிர்லதானே அண்ணி சமைச்சாரு. உள்ள வந்து சமைச்சிருந்தா நானும் உள்ளயே சொல்லியிருப்பேன்.”

அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊருக்குப் போன பிறகு வெகுநாள் போனும் செய்யவில்லை.

இவரும் கொஞ்ச நாள் மாடிப் பக்கமே போகவில்லை. அடுப்பு உறை போட்டு மாடி மூலையில் நின்றது. விற்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு விடுமுறை நாளில், யாரையும் கூப்பிடாமல், கொஞ்சமாகக் கறி வாங்கி வந்து தானே கழுவினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். சாப்பிடும்படிதான் இருந்தது.

இப்போது எப்போதாவது செய்கிறார். செய்கிற நாளெல்லாம் எனக்குப் புதுப்புதுச் செய்திகள் கிடைக்கின்றன. பூண்டு உரித்தால் நகத்தில் எரிச்சல் எடுக்கிறதாம். மஞ்சள் கறை சோப்பு போட்டாலும் போகாதாம். நின்றுகொண்டே வேலை செய்தால் இடுப்பு வலிக்கிறதாம். உலகத்தில் இதுவரை யாரும் கண்டுபிடிக்காததைப் போலச் சொல்வார். நானும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அப்படியாங்க?” என்று கேட்டுக்கொள்கிறேன்.