ரோட்டைத் தாழ்த்திய கவுன்சிலர்

தில்லி கரோல் பாக்கில் அப்பா அந்தத் தரைத்தள வீட்டை வாங்கியபோது, தெருவிலிருந்து வாசலுக்கு இரண்டு படி ஏற வேண்டும். பிறகு ஒரு படி ஆனது. அப்புறம் படியே இல்லை. கடைசியில் வீட்டுக்குள் போக ஒரு படி இறங்க வேண்டியிருந்தது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். எங்கள் சந்துதான் வளர்ந்துகொண்டே போனது.

காரணம் வேறொன்றுமில்லை. தேர்தல் நெருங்கினால் எந்தக் கவுன்சிலரும் புது ரோடு போடுவார். பழையதைச் சுரண்ட மாட்டார், அதன் தலையிலேயே சிமெண்டைக் கொட்டி மெழுகிவிடுவார். ரோடு பளபளவென்று எழும்பி நிற்கும். மேல்மாடிக்காரர்கள் பால்கனியிலிருந்து பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். ஜூலையில் மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் எங்கள் கட்டிலுக்கடியில் வந்து உட்காரும்.

ஒரு மழைக்குப் பிறகு அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "இன்னொரு மழைக்கு இந்த வீடு தாங்காது. வித்துட்டு மாடி வீடா பாத்துப் போயிருவோம்."

"மாடிக்கு என்னைத் தூக்கிட்டுப் போறதுக்கு ஆளு வச்சிருக்கியளா?" என்றாள் அம்மா. அவளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டிருந்தது. மாடிக்குப் போனால் அப்புறம் தெருவில் இறங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தெருதான் அவளுக்குத் தில்லி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாலக் கீரை விற்கும் பையாவுடன் அவள் பேசும் இந்தியில் பாதி திருநெல்வேலித் தமிழ். அவனுக்கு அது நன்றாகவே புரிந்தது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்காருவாள். குளிர்கால வெயிலில் அந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டே நான் ஆபீசுக்குக் கிளம்புவேன். கல்யாணமாகித் தில்லியிலேயே துவாரகாவுக்குப் போன பிறகும் கண்ணை மூடினால் அதுதான் வரும். இன்றைக்கும் அந்த வெயிலுக்கு மனசு ஏங்குகிறது.

அந்தச் சமயத்தில்தான் இடைத்தேர்தலில் ஜெயித்துப் புதுக் கவுன்சிலர் வந்தார். பக்கத்துச் சந்தில் சல்வார் தைக்கும் கடை வைத்திருந்த பெண்மணி. எல்லோருக்கும் அவர் பெஹன்ஜி, அதாவது அக்கா. காலையில் ஸ்கூட்டியில் வார்டைச் சுற்றிவிட்டுத்தான் கடை திறப்பார். யார் புகார் சொன்னாலும் காதால் கேட்டுத் தலையாட்டுகிற பழக்கம் இல்லை, நேரே போய் நின்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் ஹாலுக்கு நடுவே நின்றார். போகும்போது வாசலில் குனிந்து, ரோட்டுக்கும் எங்கள் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தன் கையால் முழம் போட்டுப் பார்த்தார்.

தீபாவளி முடிந்ததும் சந்து ரோட்டைத் தோண்ட ஆரம்பித்தார்கள். கார்ப்பரேஷன் இன்ஜினீயர், இப்படி யாருமே செய்வதில்லை என்று எங்கள் வாசலில் நின்று அவரிடம் மன்றாடினார். "தோடோ," என்றார் பெஹன்ஜி. உடையுங்கள் என்று அர்த்தம். உடைத்தார்கள். ஒவ்வொரு கவுன்சிலரின் ரோடும் அடுக்கடுக்காக வெளியே வந்தது. குளிர்காலம் முழுக்கப் புழுதி. கார்களை எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்து வந்த மேல்மாடிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒரு கல்யாண ஊர்வலத்தில் குதிரை பள்ளத்தைப் பார்த்து முரண்டு பிடிக்க, மாப்பிள்ளை தலைப்பாகையோடு இறங்கிப் பலகை மேல் நடந்து வந்தார். அந்தக் குடும்பம் பெஹன்ஜியை மன்னிக்கவே இல்லை.

எல்லாம் முடிந்தபோது ரோடு தாழ்ந்திருந்தது, எங்கள் வாசலுக்கு ஒரு படி திரும்ப வந்திருந்தது. அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றார்கள். கவுன்சிலர் என்றால் ரோட்டை உயர்த்த வேண்டும், இவர் குழியில் இறக்கிவிட்டார் என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மாடிகளையெல்லாம் ஒரு மழைக்குக் கீழே இறக்கி வைக்கலாம் போலிருந்தது.

அடுத்த மழைக்கு முன்பே தேர்தல் வந்தது. பெஹன்ஜி கைகூப்பிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் சந்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரேஷன், காஸ், டெலிபோன் எல்லாம் தில்லியில், ஓட்டு மட்டும் ஊரில். அப்பா தன் ஓட்டை அம்பாசமுத்திரத்திலிருந்து அசைக்கவே இல்லை. மாற்றிவிட்டால் திரும்பிப் போகப்போவதில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். தரைத்தளங்களில் இருந்த மற்ற தமிழ் வீடுகளிலும் இதே கதைதான்.

"பேட்டி, ஹமாரா வோட் இதர் நஹீ. ஊர்ல கெடக்கு," என்றாள் அம்மா, மகளே, எங்கள் ஓட்டு இங்கே இல்லை என்று. அதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது.

"பதா ஹை, ஆன்ட்டிஜி," என்றார் அவர். தெரியுமாம். போன தேர்தலிலேயே அங்கிள்ஜி சொல்லியிருந்தாராம்.

அப்படியென்றால் எங்களிடம் ஓட்டில்லை என்று தோண்டும்போதே அவருக்குத் தெரியும். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். பெஹன்ஜி சொற்ப ஓட்டில் தோற்றார்.

முதல் பெருமழை பெய்த காலையில் நான் துவாரகாவிலிருந்து பதறியடித்துக்கொண்டு போனேன். சந்துமுனையில் பெஹன்ஜி குடையோடு நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போனேன். காய்ந்த தரையைப் பார்த்து, "அச்சா ஹுவா," என்றார், நல்லதாயிற்று என்று. உட்காரவில்லை. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, ஓட்டை இங்கே மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், அடுத்த தடவை எங்கள் ஓட்டு அவருக்குத்தான் என்றும் தன் ஆபீஸ் இந்தியில் சொன்னார்.

"இனி நிற்கப்போவதில்லை, அங்கிள்ஜி. கடையைப் பார்க்க ஆளில்லை," என்றார் பெஹன்ஜி, இந்தியில். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

சொன்னபடி நிற்கவும் இல்லை. அடுத்த தேர்தலில் அப்பா முதல்முறையாகத் தில்லியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். வெளியே வந்து விரல் மையைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், "மெஷின்ல அந்தப் பிள்ளை பேரைத் தேடுனேன்," என்றார்.

"இருக்காதுன்னு தெரியும்லப்பா?"

"தெரியும்ட்டி. தேடுனேன்."