அக்கா வைத்த ஜன்னல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. "நினைவு மலரில் நிறைவாழ்வு வாழ்ந்தார் என்று போடுங்கள்" என்று உறவினர் சிலர் சொன்னார்கள். போடமாட்டேன். அக்காவுக்கு மூன்று ஆசைகள் இருந்தன. இரண்டுதான் நிறைவேறின.

அக்கா பிறந்தது இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில். தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. மார்கழி என்பது மட்டும் உறுதி. பத்து வயதில் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கத் தொடங்கினார்கள்.

1952 தைப்பொங்கலன்று பானை பொங்கியபோது, சாமியிடம் கேட்பதுபோல அல்லாமல் அறிவிப்பதுபோலச் சொன்னார்கள்: "பின்சுவத்துல ஒரு ஜன்னல் வைக்கணும். எம்மக ஹட்டன்ல போய்ப் படிக்கணும். நான் இந்த நாட்டுக்காரின்னு எழுத்துல வாங்கணும்." அத்தான் சிரித்தார். "தொரையோட பங்களாவையும் சேத்துக் கேளு புள்ள." அக்கா சிரிக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அதையே சொன்னார்கள்.

லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு ஒரு கதவுதான். அடுப்புப் புகை வெளியேற வழியில்லை. 1955 பனிக்காலத்தில் மகளுக்கு இருமல் நிற்கவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் அலவாங்கு எடுத்துப் பின்சுவரை உடைத்தார்கள். மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கு ஐயா ஓடிவந்தார்.

"யாரக் கேட்டுச் சுவத்த ஒடச்ச?"

"பொகையக் கேட்டேங்க. வழி விடச் சொல்லுச்சு."

"தொரைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"பங்களாவுல ஜன்னல் நெறையா இருக்குங்களே ஐயா. அதுல ஒண்ண இங்க எறக்கிட்டோம்னு சொல்லிருங்க."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அக்காவுக்கு வேலை இல்லை என்றார்கள். சுவரை அடைத்தால்தான் மலைக்குப் போகலாம்.

எங்கள் மலையில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது விளைச்சல் பெருகட்டும் என்று "பொலியோ பொலி" எனக் குரல் கொடுப்பது வழக்கம். கொழுந்து பறிக்கும் பெண்களில் குரல் கொடுப்பவர் அக்காதான். அன்று நிரைகளில் நின்ற பெண்கள் கொழுந்தைத் தொடவில்லை. கங்காணி தானே "பொலி" என்று கூவிப்பார்த்தார்.

"நீங்க பொலி சொன்னா புல்லுகூட மொளைக்காது கங்காணியாரே," என்றார் பக்கத்துக் காம்பரா மதினி. "சொல்ற ஆளக் கூட்டிட்டு வாங்க."

கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் கண்டாக்கு ஐயாவே லயத்துக்கு ஆள் அனுப்பினார். அக்கா போனார்கள். சுவரை அடைக்கவில்லை. உடைத்த இடத்துக்கு ஜன்னல் சட்டமும் கதவும் அத்தான் செய்தார். அந்த வெளிச்சத்தில் படித்த மகள் இன்று ஹட்டனில் படிக்கிறாள்.

தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டமுடியாத தோட்டத்து மக்களுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தரவில்லை. மூன்றாவது ஆசையான அதற்கும் அக்கா முறைப்படி விண்ணப்பித்தார்கள். விசாரணையில் அதிகாரிகள், தகப்பனார் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். "எங்கப்பா நட்ட தேயில நிக்கிது. வந்து பாருங்க," என்றார்கள் அக்கா. யாரும் வரவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

1964இல் இலங்கை, இந்தியா என்ற இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்த செய்தி வந்தது. "இந்தியாவுக்கு எழுதிக் குடுக்கலியா?" என்று மதினி கேட்டார்.

"என்னையப் பங்கு போட நான் என்ன செத்த ஆட்டுக்கறியா? ஜன்னல் வச்ச வீட்ட விட்டுட்டு நான் எங்கயும் போகல."

1965 ஆடியில் அக்காவுக்குச் சளிக்காய்ச்சல் கண்டது. காற்று ஆகாதென்று ஜன்னலைச் சாத்தப் போனோம். கையை அசைத்துத் தடுத்தார்கள். அது திறந்திருக்கவே உயிர் பிரிந்தது.

அக்காவைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கும், கொட்டகலையிலிருந்து மழையில் நடந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று வெறுங்கூடையோடு நின்ற பெண்களுக்குத் தனி நன்றி. அக்கா போனதும் ஜன்னலை அடைக்கச் சொல்லி வந்த உத்தரவுக்கு, "எனக்கு ஜன்னல் வைக்கத்தாங்க தெரியும், அடைக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போன தோட்டத்துக் கொத்தனாருக்கும் நன்றி.

இம்மலரின் முதல் பக்கத்தில் நாடு என்ற இடத்தில் என்ன போடுவது என்று அச்சகத்தார் கேட்டார். வெறுமையாக விடலாம் என்றும் சொன்னார். விடவில்லை. பிறந்தது லிந்துலை. மறைந்தது லிந்துலை. நாடு, இலங்கை. எந்த அலுவலகமும் எழுதித் தராததை அக்காவுக்காக நாங்கள் எழுதியிருக்கிறோம்.