எம்.பி.யின் இரண்டாவது மைக்

பாஸ்கல் ஒரு சொல்லைக் கூட்டியும் சொல்லமாட்டான், குறைத்தும் சொல்லமாட்டான். அவனுடைய அக்கா செபமாலையம்மாளுக்கு மட்டுமல்ல, கேரளத்தில் தமிழர்கள் வேலை செய்யும் அந்தத் தேயிலை மலை முழுக்கத் தெரிந்த விஷயம் இது. அதனால்தான் டிவியில் எம்.பி. சொன்னதைக் கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஐந்து தேர்தலாகத் தொகுதியை விடாமல் வைத்திருப்பவர் அவர். எதையும் மாற்றக் கூடாது என்பது அவருடைய கட்சியின் கொள்கை. டில்லியில் குடும்பம், பாரம்பரியம் என்று உருகுவார். கூலியை உயர்த்தும் பேச்சு வந்தால், தோட்டங்கள் நசிந்துபோகும் என்று எழுந்து நின்று எதிர்ப்பார். மலையேறி ஓட்டுக் கேட்க வந்தால் மட்டும் தொழிலாளியின் தோழன்.

பாஸ்கல் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்பவன். அக்கா கொழுந்து பறித்துப் படிக்கவைத்ததால் பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவன். எம்.பி. முதன்முதலாக நின்றபோது, அவருடைய மலையாளப் பேச்சைத் தமிழில் சொல்ல வந்த ஆள் காய்ச்சலில் படுத்துவிட, இவனைப் பிடித்து இரண்டாவது மைக் முன்னால் நிறுத்தினார்கள். அன்று முதல் மலையில் எம்.பி.யின் தமிழ்க் குரல் இவன்தான். அவர் தப்பாகச் சொன்னால் தப்பாகவே சொல்வான். திருத்துவது தன் வேலை இல்லை என்பான்.

தோட்டத்தில் வேலை முடிந்து பதிவேட்டில் பேர் வெட்டிவிட்டால், கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அந்த வீடு தொழிலாளிக்கே சொந்தமாகும் என்று எம்.பி. ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார். பாஸ்கலும் அதையே தமிழில் சொன்னான்.

இந்தத் தேர்தலில் டிவிக்காரர்கள் அந்த வாக்கைப் பற்றிக் கேட்டார்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை. தமிழில் சொன்னவர் சேர்த்துக்கொண்டது" என்றார் எம்.பி., சிரித்துக்கொண்டே.

மறுநாள் ஃபாக்டரி வாசலில் கூட வேலை செய்யும் தங்கதுரை வழிமறித்தான்.

"என்ன பாஸ்கலு, எம்.பி. வீடு தரலயாம், நீதான் தந்தியாம்ல. எனக்கு ரெண்டு ரூமு சேத்துக் குடு."

பேர் வெட்டப்பட்டு வீட்டைக் காலிசெய்யச் சொல்லப்பட்டிருந்த பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி, அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் அவனைச் சாய்த்தது.

"இனி அந்த மேடைக்குப் போகமாட்டேன்க்கா."

"போலேன்னா அவரு சொன்னது மெய்யின்னு ஆயிரும். எந்திரி. சட்டைய மாத்து."

தொழிலாளிகள் காலையில் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக் களத்தில் கூட்டம். எம்.பி. பாஸ்கலின் தோளில் கை போட்டுக்கொண்டு மலையாளத்தில் பேசினார். பாஸ்கல் தன் வழக்கப்படி ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னான்.

"வீட்டு விஷயத்துல தமிழ்ல சொன்ன பாஸ்கல் தப்பு செஞ்சிட்டான். பாவம், படிப்புக் குறைஞ்ச ஆளு. அவன நான் மன்னிச்சிட்டேன்."

மன்னித்தாராம்! செபமாலையம்மாள் எழுந்தாள். வேலை ஓய்ந்தாலும் உங்கள் வீடு உங்களுக்கே என்று எம்.பி. அதே களத்தில் அத்தனை தடவை சொன்னதை, அவருடைய மலையாளத்திலேயே சத்தமாகச் சொன்னாள்.

"பென்ஷன் ஆயாலும் நிங்களுடெ வீடு நிங்கள்க்கு தன்னெ."

புஷ்பமேரியும் எழுந்து அதையே சொன்னாள். பின்வரிசையிலும் சொன்னார்கள். பஜாரிலும் ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் மலையாளம் பேசியே காலம் தள்ளும் ஜனம் அது. ஓட்டுக் கேட்டு வருகிறவர் நம் பாஷையில் கேட்பதுதான் மரியாதை என்று, ஒரே பேச்சை இரண்டு பாஷையிலும் கேட்டுக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பேச்சிலும் முதல் தடவை காதில் விழுந்தது எம்.பி.யின் வாய்ச்சொல்தான்.

எம்.பி. பாஸ்கல் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். பழக்கத்தில் அவன் அதையும் மைக்கில் தமிழாக்கிவிட்டான்.

"இவங்களுக்கு மலையாளம் தெரியுமான்னு கேக்காரு."

களம் சிரித்தது. "தெரியும்னு சொல்லுல, அவரு பாஷைல சொல்லு" என்றான் தங்கதுரை.

அத்தனை வருஷத்தில் ஜனம் சொன்னதை எம்.பி.க்குச் சொல்லும்படி பாஸ்கலிடம் யாரும் கேட்டதில்லை. தெரியும், முதலிலிருந்தே தெரியும் என்று அவர் முகத்தைப் பார்த்து மலையாளத்தில் சொன்னான்.

"அறியாம் சார். ஆத்யம் முதலே அறியாம்."

மைக்கை விட்டு இறங்கினான். புஷ்பமேரி நகர்ந்து இடம் விட்டாள். அக்காவுக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தான்.

எம்.பி. மிச்சப் பேச்சைத் தனியாகப் பேசினார். எல்லாரும் முழுக்கக் கேட்டார்கள். ஒருத்தரும் கை தட்டவில்லை.